கீரைக்கு முந்தி

நுரை இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்கம் முதலில் பள்ளமாகிறது, மறுபக்கம் பீர் கிளாஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பள்ளத்துக்கு நேர் மேலே பவானி தன் மூக்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள், குடிப்பதற்கு இல்லை, இன்னும் இல்லை, கண்களை மூடிக்கொண்டு, தாலிக்கொடி கிளாஸில் இடித்துவிடாமல் இடது கையால் பிடித்தபடி, கிணற்றுக்குள் விழுந்த எதையோ தேடுபவளைப் போலக் குனிந்திருக்கிறாள், நான் எதிரில் உட்கார்ந்து என் மனைவியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சின்ன மூக்கு, சிவப்புக் கல் மூக்குத்தி, மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தக் கல் ஒரு நெல்லளவு அசைகிறது, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் மூக்கு பெரியது, அப்பா வழி மூக்கு, குமாரபாளையத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது உள்ளறையில் யாரோ ஒரு பெரியம்மா, மாப்பிள்ளைக்கு மூக்கும் முழியும் நல்லா எடுப்பா இருக்குது என்று சொன்னது கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது, எத்தனை நாள் அந்தப் பெருமையில் இருந்தேன், எடுப்பாக இருந்து என்ன செய்ய. இந்த நுரை ஏன் உடனே உடைந்து போவதில்லை என்று கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன், பார்லியிலிருந்து வரும் புரதம் ஒவ்வொரு குமிழிக்கும் ஒரு தோலைப் போர்த்துகிறது, ஹாப்ஸ் பூவின் கசப்பு அந்தத் தோலை இறுக்கிப் பிடிக்கிறது, எண்ணெய்ப் பசை பட்டால் தோல் கிழிந்துவிடும், அதனால்தான் உதட்டுச் சாயம் பூசியவர்களின் கிளாஸில் நுரை சீக்கிரம் செத்துப்போகிறது, இதெல்லாம் எனக்குத் தெரியும், இவள் இப்போது குனிந்து எதைத் தேடுகிறாள் என்பதும் தெரியும், அதன் பெயர் தெரியும், அது எப்படிப் பிறந்து எப்படி மறைகிறது என்று மணிக்கணக்கில் பேசத் தெரியும், அது எப்படி மணக்கும் என்பது மட்டும் தெரியாது, தெரியவும் போவதில்லை.

வெப்பமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை, பெங்களூர் பீன்யாவில் சின்ன நிறுவனம், பால் பண்ணை, பிஸ்கட் அடுப்பு, மருந்துக் கிடங்கு, எங்கே வெப்பமானி இருந்தாலும் நாங்கள் போய் அது உண்மை பேசுகிறதா என்று பார்த்து முத்திரை ஒட்டிவிட்டு வருவோம், அப்படித்தான் ஹென்னூர்ச் சாலையில் பீரைக் காய்ச்சி அங்கேயே விற்கும் இந்த புரூவரிக்கு முதலில் வந்தேன், முன்பக்கம் கொடி படர்ந்த பந்தலும் மேசைகளும், பின்பக்கம் ஒரு கண்ணாடிச் சுவர், சுவருக்கு அப்பால் வரிசையாக எஃகு டேங்க்குகள், நடுவில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு குழாயால் தரையைக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய், இங்கே பீர் போடுகிறவர் யார், அவரைப் பார்க்க வேண்டும் என்றேன், பாத்துட்டல்ல, சொல்லுண்ணா என்றாள். ரோஸ்லின், கோலார் தங்கவயலில் பிறந்தவள், மைக்ரோபயாலஜி படித்துவிட்டு ஊறுகாய்க் கம்பெனியில் வேலை பார்த்து அங்கிருந்து இங்கே வந்தவள், அன்றைக்கு வெப்பமானிகளை ஓரமாக வைத்துவிட்டு அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவளும் சலிக்காமல் சொன்னாள், வீட்டில் சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைக்கிறோமே, அதையே பார்லிக்குச் செய்தால் மால்ட், அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவெல்லாம் இனிப்பாக மாறுகிறது, அந்த இனிப்புத் தண்ணீரில் ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கசப்பேற்றி, ஆறவைத்து, ஈஸ்ட்டை விட்டால் அது இனிப்பைத் தின்று போதையையும் குமிழியையும் வெளியே விடுகிறது, ஈஸ்ட்டில் ஒரு வகை சூட்டில் அவசரமாக வேலை செய்யும், பெங்களூர் முழுக்கக் கிடைக்கிற கோதுமை பீர் அதனுடைய வேலை, இன்னொரு வகை குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் போய்ப் படியும், பிறகு வாரக்கணக்கில் கடுங்குளிரில் சும்மா கிடந்து தெளிய வேண்டும், அது லாகர், லாகரிலேயே வெளிறிய பொன்னிறமும் முன்னால் நிற்கிற கசப்புமாக இருப்பது பில்ஸ்னர், அதில் ஒரு தப்பு நடந்தால் ஒளித்துவைக்க இடமில்லை, வெள்ளை வேட்டி மாதிரிண்ணா, இன்னா பட்டாலும் தெரிஞ்சிடும் என்றாள். முதலாளிக்குக் குடிக்க லாகர் பிடிக்கும், போடப் பிடிக்காது, ஒரு டேங்க்கை அத்தனை வாரம் அடைத்துப் போடுவதா என்பார், கடைசியில் கோடியில் இருந்த ஒரே ஒரு டேங்க்கை ரோஸ்லினுக்கு விட்டுக்கொடுத்தார், அதில் பில்ஸ்னர் சரியாக வந்தால் தொடரலாம், வராவிட்டால் அதிலும் கோதுமைதான், பிறகு லாகர் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் கூட்டம் வருவதற்கு முன்னால் டேங்க்குகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையைப் போட்டு ரோஸ்லின் முகர்ந்து பார்ப்பாள், ஒரு மூக்கு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும், அதனால் இன்னொரு நாற்காலி, அது எனக்கு, அந்த நாற்காலி கிடைத்தபோது அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தபோதுகூட வராத ஒரு நிமிர்வு எனக்கு வந்தது, கண்ணாடிச் சுவருக்கு வெளியே யாராவது நின்று எட்டிப் பார்த்தால் எழுந்து போய் எல்லாவற்றையும் விளக்குவேன், லெக்சரர் அண்ணா கிளம்பிட்டாரு என்பாள் ரோஸ்லின், எனக்கு மிகவும் பிடித்த பாடம் வெண்ணெய்ப் பாடம், ஈஸ்ட் முதல் வேகத்தில் வேலை செய்யும்போது ஒரு பொருளைச் சிந்திவிடுகிறது, அது வெளியே கிடந்து வெண்ணெய் வாசமாக மாறுகிறது, பில்ஸ்னரில் அது பெரிய குறை, ஆனால் பாருங்கள், ஈஸ்ட் நாணயமானது, இனிப்பு தீரும் நேரத்தில் டேங்க்கைக் கொஞ்சம் சூடேற்றிச் சில நாள் பொறுத்தால் தான் சிந்தியதைத் தானே தேடி எடுத்து விழுங்கிவிடும், பொறுக்காமல் குளிரவைத்தால் ஈஸ்ட் தூங்கிப்போகும், வெண்ணெய் அங்கேயே நின்றுவிடும், எப்போது குளிரவைக்கலாம் என்று சொல்லும் கருவி எங்கள் சின்ன இடத்தில் கிடையாது, மூக்குதான், டேங்க்கிலிருந்து கொஞ்சம் பிடித்து இரண்டாகப் பிரித்து ஒன்றை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி ஆறவைப்போம், சூடு ஒளிந்திருக்கும் வெண்ணெயை வெளியே இழுத்துவிடும், சூடாக்கியதும் சூடாக்காததும் ஒரே மாதிரி மணந்தால் டேங்க் தயார், சூடாக்கியதில் வெண்ணெய் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், ஐ.டி. பையன்களுக்கு, ஓய்வுபெற்ற கர்னல் ஒருவருக்கு, தேனிலவுக்கு வந்த ஜோடிக்கு, வெண்ணெய் வெண்ணெய் என்று கையைக் காற்றில் குழைத்துக் காட்டியிருப்பேன், மேசையில் என் முன்னால் வந்த எல்லாமே எனக்குச் சுத்தமாக மணந்தன, ரோஸ்லின் அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறாள் என்று அவளையே பாராட்டினேன், அவள் சில சமயம் கிளாஸை மறுபடி முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்ததற்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பவானியை இங்கே அழைத்து வந்தவன் நான், இதை யாரும் மறந்துவிடக் கூடாது, பானஸ்வாடியில் ஒரு பல் மருத்துவரிடம் முன்மேசையில் உட்காருகிறவள், நாள் முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசத்தில் இருந்துவிட்டு வருகிறவள், சனிக்கிழமையில் வீட்டில் தனியாக என்ன செய்யப் போகிறாய், வந்து பார் என்று வற்புறுத்தினேன், நான் வாசம் மட்டும் பாத்துக்கறேனுங்க, குடிக்கறத நீங்க பாத்துக்கங்க என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள், நான் விளக்கினேன், அவள் கேட்டாள், எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது, வீட்டில் மிக்ஸி ஏன் சூடாகிறது என்று தொடங்கினாலே எழுந்து போகிறவள் இங்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள், ஒரு மடக்கு, பிறகு கால் கிளாஸ், பிறகு, பாவக்காக் கசப்பு இல்லீங்க இது, வெடுக்குனு வந்துட்டுப் போயிருது என்று அரை கிளாஸ். அந்தச் சமயத்தில்தான் ரோஸ்லின் தன் முதல் பில்ஸ்னரைச் சோதனைக்காகச் சின்னப் பாத்திரத்தில் போட்டிருந்தாள், மேசையில் வைத்தாள், நான் முகர்ந்து சுத்தம் என்று சொல்லி முடிப்பதற்குள் பவானி குனிந்தாள், அட, நெய் வாசம் கமகமன்னு வருதுங்க, நல்ல சரக்காத்தான் போட்டிருக்கறாங்க என்றாள். எங்கள் ஊரில் நெய் மணக்கிறது என்றால் அது பாராட்டைத் தவிர வேறென்ன, கல்யாணப் பந்தியில் மைசூர்பாகைப் பிட்டுப் பார்த்துச் சொல்கிற வார்த்தை அது, பீர் போடுகிறவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் ஒரு குறையை மனதார மெச்சுவதற்கு எங்கள் பக்கத்து மூக்கால்தான் முடியும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பவானி, பீர்ல நெய் மணந்தா அது தப்பு, அதுவும் இதுல அது இல்லவே இல்ல, நான் இப்பத்தான் பாத்தேன் என்று வெண்ணெய்ப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன். கொஞ்சம் இருண்ணா, என்றாள் ரோஸ்லின், என்னைப் பார்க்காமல், கையை மட்டும் என் பக்கம் உயர்த்தி, எந்த மாதிரி நெய்க்கா, என்று பவானியைக் கேட்டாள். நெய்யின்னு சொல்ல முடியாதுங், பவானி இன்னொரு முறை குனிந்தாள், வெண்ணெய் உருகிச் சலசலன்னு கொதிக்கும்ல, நாம முருங்கக்கீரய உருவிப் போடுவோம்ல, அதுக்கு முந்தி வரும் பாருங்க, அந்த வாசம், கீர போட்டாச்சுன்னா அது போயிரும். ரோஸ்லின் கிளாஸை வாங்கி முகர்ந்தாள், கண்ணை மூடினாள், கீரைக்கு முந்தி, என்றாள், கரெக்ட்டுக்கா, கீரைக்கு முந்தி, எங்கம்மாவும் கீர போடும், சட்டியில அடியில கெடக்கும் பாரு மொறுமொறுன்னு, அதுக்கு நானும் என் தம்பியும் அடிச்சுக்குவோம் என்றாள், எங்க வீட்லயும் அந்தக் கீரைக்குத்தானுங்க சண்டையே என்றாள் பவானி, இருவரும் சிரித்தார்கள், அந்த பில்ஸ்னர் முழுவதையும் ரோஸ்லின் சிரித்துக்கொண்டே சாக்கடையில் கவிழ்த்தாள், அது போய்க்கொண்டிருந்த பாதையில் நான் குனிந்து நின்றேன், பீர்தான் மணந்தது.

அப்புறம் அந்த வார்த்தை வளர்ந்தது, என் கண் முன்னாலேயே வளர்ந்தது, என்னிடம் பத்துப் பதினைந்து கலைச்சொற்கள் இருந்தன, ஒவ்வொன்றையும் படித்துச் சேர்த்தவை, அவர்களிடம் ஒன்றுதான், அது போதுமாக இருந்தது, ரோஸ்லின் போன் செய்து, இன்னைக்கு டேங்க்கு லேசா கீரைக்கு முந்திக்கா என்பாள், பவானி மருத்துவமனையிலிருந்தே, நாளைக்குப் பாத்துக்கலாம், அவசரப்படாத என்பாள், பிறகு டேங்க்கைத் தாண்டிப் போயிற்று, பல் மருத்துவரிடம் புதிதாகச் சேர்ந்த பெண் எப்படி என்றால், நல்ல புள்ளதான், இன்னும் கீரைக்கு முந்தி என்றாள் பவானி, அந்தப் பக்கம் ரோஸ்லின் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கு இங்கே கேட்டது, என்னைப் பற்றியும் அப்படிப் பேசியிருப்பார்களோ. சின்ன மேசைக்கு மூன்றாவது நாற்காலி வந்தது, பிறகு ஒரு சனிக்கிழமை ரோஸ்லின் கிளாஸை முதலில் பவானியின் பக்கம் நகர்த்தினாள், எனக்கு நேராக வந்துகொண்டிருந்த கிளாஸ் நடுவழியில் திரும்பி அவள் பக்கம் போனது போல இருந்தது, ஒரு சாண் தூரம், அந்த ஒரு சாண் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானி வெண்ணெய் உருக்கும்போது நான் சமையலறைக்குள் போனேன், ஏனுங்க, அடுப்படிக்கு வழி தெரிஞ்சிருச்சாக்கும் என்றாள், சும்மாதான் என்றேன், சட்டிக்கு மேல் முகத்தை நீட்டினேன், வெண்ணெய் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக இளகியிருந்தது, நீராவி, பால், சூடான பாத்திரம், கழுவி வைத்த கீரையின் பச்சை, எல்லாம் மணந்தன, நெய் எனக்கு மணக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், ஆனால் இவை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி நெய் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேனோ, அதற்குள் ஒன்று எனக்கு இல்லாமலே இருந்ததோ, இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இப்ப வந்துருச்சுங்க, தெரியுதுங்களா என்றாள் பவானி, தெரியுது என்றேன், அவள் வெண்ணெய் கொதிக்கும்வரை நின்றுவிட்டுக் கீரையை அள்ளிப் போட்டாள், சட்டி சடசடவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அடிக்கடி கனவில் வருகிறது, அல்லது கனவு என்று நான் சொல்லிக்கொள்ளும் அரைத் தூக்கத்தில், நான் டேங்க்குக்குள் இருக்கிறேன், குளிராக, பொன்னிறமாக, ஈஸ்ட் என் மேல் மாவு போலச் சலிக்கப்பட்டு விழுகிறது, மேலே வட்டமான மூடியைத் திறந்து பவானியும் ரோஸ்லினும் எட்டிப் பார்க்கிறார்கள், இன்னும் பொறுக்கலாமா என்கிறாள் ஒருத்தி, பொறுக்கலாம் என்கிறாள் இன்னொருத்தி, மூடி மூடிக்கொள்கிறது, நான் எல்லாவற்றையும் விளக்கத் தயாராக அடியில் கிடக்கிறேன்.

பிறகு அந்த நாள், கோடி டேங்க்கில் பில்ஸ்னர் பெரிய அளவில் போட்டு, இனிப்பெல்லாம் தீர்ந்து, சூட்டில் இருந்துகொண்டிருந்த நாள், குளிரவைப்பதா பொறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும், முதலாளி காலையிலிருந்து ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், ரோஸ்லினுக்குக் கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையும் சிவந்த கண்ணுமாக, மூக்கு மொத்தமா அடைச்சிக்கிச்சு, நீங்க ரெண்டு பேருதான் காப்பாத்தணும் என்கிறாள், பவானி முகர்ந்து, இருக்குதுங், ரொம்ப லேசா, கீரைக்கு முந்தி என்கிறாள், நான் முகர்ந்து, சுத்தம் என்கிறேன், இனிப்பு தீர்ந்து எவ்வளவு நாளாயிற்று, சூடு எவ்வளவு, கணக்குப்படி அது இருக்கவே முடியாது என்று நீட்டி முழக்குகிறேன், மனசுல நெய்ய வெச்சுக்கிட்டு மோந்தா நெய்தான் மணக்கும் என்கிறேன், அப்ப உங்க மனசுல என்னத்த வெச்சிருக்கறீங்க, தெர்மாமீட்டரா என்கிறாள் பவானி. சண்ட வேணாம் என்று ரோஸ்லின் மூன்று எவர்சில்வர் டம்ளரை எடுத்துவருகிறாள், இரண்டில் சூடாக்காதது, ஒன்றில் சூடாக்கியது, எது எது என்று டம்ளரின் அடியில் குறி, மேலே தட்டு போட்டு மூடி, கண்ணுக்கு ஒரு துப்பும் இல்லாமல் வைக்கிறாள், வித்தியாசமானதைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான், நான் முதலில், ஒவ்வொரு தட்டாக விலக்கி முகர்கிறேன், மூன்றும் ஒன்றே, மூன்றும் அதே பார்லி, அதே பூ, அதே ஈரம், நடுவில் இருந்ததைத் தொட்டேன், இதுதான், என்றேன், குரல் உறுதியாகத்தான் இருந்தது. பவானி முகர்ந்தாள், முதல் டம்ளர், இரண்டாவது, மூன்றாவதில் மூக்குத்திக் கல் அசைந்தது, நான் பார்த்தேன், தெளிவாகப் பார்த்தேன், அவள் நிமிர்ந்தாள், டம்ளர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டி நடுவில் இருந்ததைத் தொட்டு, இதுதானுங்க என்றாள். ரோஸ்லின் டம்ளர்களைத் தூக்கி அடியைப் பார்த்தாள், ரெண்டு பேரும் தப்பு, அப்ப வித்தியாசமே இல்ல, சுத்தம்தான், அண்ணா சொன்னதுதான் கரெக்ட்டு, குளிர வெச்சிடறேன் என்று சுவரில் இருந்த பொத்தான்களை நோக்கி நடந்தாள்.

நான் ஜெயித்திருந்தேன், நாற்காலி என்னுடையதாக இருந்தது, அந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளம், ரோஸ்லினின் பூட்ஸ் ஈரத்தரையில் சளக் சளக் என்று போகிறது, பவானி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறாள், பந்தியில் எனக்குப் போதும், நீங்க வெச்சுக்கங்க என்று இலையிலிருந்து எடுத்து வைப்பவளைப் போல அவ்வளவு சாதாரணமாக, எனக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்காதா என்று நான் ஏங்கிக்கொண்டிருப்பதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, என் முகம் வாடக் கூடாது என்று. நான் வாயைத் திறந்தது நல்லவனாக இருக்க வேண்டும் என்று இல்லை, ரோஸ்லினின் டேங்க்கைக் காப்பாற்ற வேண்டும் என்றும் இல்லை, அதெல்லாம் பிறகு நானே சேர்த்துக்கொண்டது, பொறாமைதான் பேசியது, நில்லு ரோஸ்லின், என்றேன், அவளுக்குத் தெரியும், மூணாவது டம்ளர், வேணும்னே பொய் சொல்றா, எனக்குத்தான் மூக்கு இல்ல. ரோஸ்லினின் கை பொத்தானுக்கு முன்னால் நின்றது, அக்கா, என்றாள், பவானி தரையைப் பார்த்தபடி, மூணாவதுதான் என்றாள், ரோஸ்லின் பொத்தானை விட்டுத் திரும்பி வந்தாள், சில பேருக்கு அந்த ஒரு வாசனைக்கு மட்டும் மூக்கு கெடையாதுண்ணா, என்றாள் ரோஸ்லின், மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கலர் தெரியாத கண்ணு மாதிரி, எங்க காலேஜ்லயே ரெண்டு பேருக்குக் கெடையாது, இன்னா பண்றது, அன்பாகத்தான் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை நான் போனபோது என் நாற்காலியின் முதுகில் அவளுடைய ஈரக் கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன, எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

டம்ளர் வைத்த அன்றைக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது பவானி என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள், சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, நாலு பேர் முன்னால பொய்க்காரின்னுட்டீங்களே என்றாள், நாலு பேர் எங்க, ரோஸ்லின் ஒருத்திதான என்றேன், ஒருத்தி பத்தாதாக்கும் என்றாள், உங்களுக்காகத்தான சொன்னேன், எனக்காக நீ மூக்கப் பொத்திக்க வேண்டாம் என்றேன், இல்லாத மூக்குக்கு மேல கோவம் மட்டும் எப்படித்தான் வருதோ என்றாள், பக்கத்து ஆட்டோவில் இருந்தவர் திரும்பி என் மூக்கைப் பார்த்தார், அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள், அன்னைக்கு அடுப்படியிலயே எனக்குத் தெரியுமுங்க, வந்துருச்சு தெரியுதான்னு கேட்டேன்ல, அப்ப ஒண்ணுமே வரல, வெண்ணெய் பாதிகூட உருகல, நீங்க தெரியுதுன்னீங்க. எனக்குக் காது சூடாயிற்று, என்னைச் சரிபார்த்திருக்கிறாள், நான் வெப்பமானியைச் சரிபார்ப்பது போல, தெரிந்த ஒரு அளவை முன்னால் வைத்து நான் என்ன காட்டுகிறேன் என்று பார்த்திருக்கிறாள், தவறு என்று தெரிந்த பிறகும் முத்திரை ஒட்டி வைத்திருந்திருக்கிறாள். டேங்க் இன்னும் சில நாள் சூட்டில் கிடந்து பவானி சரி என்று சொன்ன பிறகு குளிருக்குப் போனது, வாரக்கணக்கில் குளிர், வீட்டிலும் அப்படித்தான், சாப்பிட வாங்க, கேஸ் சொல்லியாச்சுங்களா, அவ்வளவுதான் பேச்சு, ரோஸ்லினிடம் மட்டும் போனில் சிரிப்பு, நான் பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிரிப்பில் எனக்கு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன், ஒருநாள் போனை வைத்துவிட்டு வந்தவள் தானாகவே, ஈஸ்ட்டுக்கு இருக்கற புத்தி உங்களுக்கு இல்லீங்களே, அது சிந்துனத அதுவே எடுத்துக்குது என்றாள், நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது, எனக்கே திரும்பி வந்தது. சரி, எடுத்துக்கறேன், பொய்க்காரின்னு சொன்னத என்றேன், மூக்கு இல்லன்னு சொன்னீங்களே, அது, என்றாள், அது அப்படியே இருக்கட்டும் என்றேன், அவள் உதட்டை மடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன், சனிக்கிழமை டேங்க்கத் தொறக்கறாங்களாமா, வாரீங்களா என்றாள்.

வந்திருக்கிறேன், பந்தலுக்குக் கீழே மேசைகள் நிறைந்திருக்கின்றன, பொன்னிறக் கிளாஸ்கள் தலைக்கு மேலே தட்டுகளில் போகின்றன, முதல் இரண்டை ரோஸ்லின் தானே ஊற்றிக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்குப் பின்னால் முதலாளி, அவளுடைய மூக்கு இப்போது திறந்திருக்கிறது, அவளே முகர்ந்து பார்த்திருப்பாள், இருந்தாலும் நிற்கிறாள், இருவரும் பவானியின் மூக்கைப் பார்க்கிறார்கள், நானும், பவானி குனிந்திருக்கிறாள், கல் அசைகிறது, நிற்கிறது, இன்னொரு முறை அசைகிறது, அவள் நிமிர்ந்து கண்ணைத் திறக்கிறாள், முகம் மெல்ல மலர்கிறது, ஒண்ணுமே இல்லீங்க என்கிறாள் என்னிடம், பிறகு கண்ணாடிச் சுவரைப் பார்த்து வெறும் கையை விரித்துக் காட்டுகிறாள், அந்தப் பக்கம் ரோஸ்லின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள், முதலாளி அவள் தோளைத் தட்டுகிறார், சத்தம் வரவில்லை, எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல நடக்கிறது. நான் என் கிளாஸின் மேல் குனிகிறேன், எனக்கும் ஒண்ணும் இல்ல என்கிறேன், அதே வார்த்தைகள், அவளுக்கும் எனக்கும் நடுவில் இப்போது ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது, இந்த ஒரு கிளாஸிலாவது நாங்கள் சமம், ஆனால் இல்லை, அவளுடைய ஒன்றுமில்லை வேறு, வந்து இருந்துவிட்டு எழுந்து போனவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் போன்றது அது, அவள் அந்த இடத்தைப் பார்க்கிறாள், அங்கே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது, என்னுடைய ஒன்றுமில்லையில் இடமும் இல்லை, இல்லாததைப் பார்த்து மகிழ்வதற்கும் ஒரு மூக்கு வேண்டியிருக்கிறது. எப்படி இருக்கும் பவானி, அந்த ஒண்ணும் இல்லாதது, கொஞ்சம் சொல்லேன் என்கிறேன், கெஞ்சுவது போலத்தான் என் குரல் வருகிறது, அவள் என்னை ஒரு நிமிடம் பார்க்கிறாள், சொல்லத்தான் போகிறாள் என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறேன், அட போங்க மாமா, சொன்னா அதையும் பத்துப் பேருக்கு வெளக்கஞ்சொல்லக் கெளம்பிருவீங்க, இது ஒண்ணாவது எங்கிட்டயே இருக்கட்டும் என்று கிளாஸைத் தூக்குகிறாள், குடிக்கிறாள், ஒரு மடக்கு, கீழே வைக்கிறாள், இன்னொரு மடக்கு, சுத்தமான கிளாஸ், ஒவ்வொரு மடக்குக்கும் நுரை உட்பக்கம் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுவிட்டு இறங்குகிறது, ஒன்றன்கீழ் ஒன்றாக, அவள் எங்கெங்கே நிறுத்தினாள் என்று எண்ணிவிடலாம், என் கிளாஸில் வளையம் ஒன்றும் இல்லை, தொடாமலே தட்டையாகப் போய்விட்ட நுரையின் அடியில் குமிழிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே வருகின்றன, அவை ஏன் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகின்றன என்று எனக்குத் தெரியும், அவள் கேட்டால் சொல்வேன், அவள் கேட்கவில்லை, குடித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு.